இரண்டு விரல் உயரம்

"பத்து நிமிஷம்தான். பதினொண்ணாவது நிமிஷம் ரெண்டு பேரும் கேட்டுக்கு வெளியில நிக்கணும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்களுக்கும் இங்கயே குடித்தனம் பண்ற உத்தேசம் இல்ல சார்," என்றாள் வாயாடி.

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்த பார்வையில் அன்பு என்று சொல்லத்தக்கது ஒரு துளியும் இல்லை. வாயாடிக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இப்போது அவளுடைய அடையாள அட்டை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. அவளுடைய முதலாளியின் கதையும் அப்படித்தான். ஊர் முழுக்க அவர் சர்வேயர். ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தவர். மேலதிகாரியின் மச்சான் கார் மரத்தில் மோதவே இல்லை, மரத்தடியில் நிறுத்திச் சம்மட்டியால் அடிக்கப்பட்டது என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். வேலை போனது, பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து துப்பறிகிறார்.

போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கம், மதிலோரமாக அந்தக் கார் நின்றது. முன்பாதி கருகியிருந்தது. பின்பாதி, எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல வெள்ளையாகப் பளபளத்தது. இரண்டு நாளைக்கு முன், வியாழக்கிழமை காலையில், பல் டாக்டர் தன் கிளினிக் வாசலிலிருந்து இந்தக் காரை வெளியே எடுத்தார். வாசல் மேட்டில் ஏறி இறங்கியதும் பானட்டுக்குள்ளிருந்து புகை. இறங்கி ஓடிவந்து பானட்டைத் திறந்தார். பேட்டரி வெடித்தது. டாக்டரின் இரண்டு கைகளும் மணிக்கட்டுவரை வெந்துபோயின. முந்தைய நாள்தான் அந்தக் காருக்குப் புது பேட்டரி போட்டிருந்தார், கிளினிக்குக்குப் பக்கத்துச் சுவர் மெக்கானிக். இப்போது அவர் உள்ளே லாக்கப்பில் உட்கார்ந்திருக்கிறார். கொலை முயற்சி வழக்கு. நாலு மணிக்குக் கோர்ட். அங்கிருந்து ஜெயில்.

"பத்து வருஷப் பகை," இன்ஸ்பெக்டர் விரலை மடக்கினார். "இவன் ஷெட்ல தகரம் தட்டுற சத்தத்துல என்னால பல் பிடுங்க முடியலன்னு டாக்டர் எட்டு தடவை எங்ககிட்டயே எழுதிக் குடுத்திருக்கார். கடைசியில அவரே மனசு மாறி, போனாப் போகுது, பக்கத்துல இருக்கவன்கிட்டயே வேலை குடுப்போம்னு காரை விட்டார். இவன் வாய்ப்பு கிடைச்சுதுன்னு அளவு தப்பின பேட்டரியை மாட்டிட்டான். கார்ல இருக்க வேண்டியதைவிட ரெண்டு விரல் உயரம். பிளஸ் முனை பானட்ல இடிக்குது. தீப்பிடிக்காம என்ன செய்யும்? கிளினிக் கம்பவுண்டர் மட்டும் அந்த நிமிஷமே தீயணைக்கிற சிலிண்டரோட வந்து நிக்கலைன்னா டாக்டர் கதை முடிஞ்சிருக்கும். இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"அளவு தப்புன்னு நீங்களே கண்டுபிடிச்சீங்களா சார்?" வாயாடி கேட்டாள்.

"டாக்டர் சொன்னார்."

"பல்லுக்கு மட்டும்தான் டாக்டர்னு நினைச்சேன்."

சர்வேயர் எதையும் காதில் வாங்காமல் பானட்டின் உள்பக்கத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதைத் தேடுகிறார் என்று வாயாடிக்குத் தெரியும். காலையில் மெக்கானிக்கின் மனைவி ஆபீசுக்கு வந்து, உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல், சண்டைக்கு வந்தவள் மாதிரி நின்றுகொண்டே சொன்னதைத்தான். "யாருக்குப் பேட்டரி மாத்தினாலும் பிளஸ் முனை மூடி மேல ஒரு உருண்டை களிமண் வைப்பாரு. பானட்டை மூடி, திறந்து, களிமண் எவ்வளவு நசுங்கியிருக்குன்னு பார்ப்பாரு. ஒரு விரல் கனத்துக்கு மிஞ்சலைன்னா அந்த பேட்டரியைத் திருப்பிக் குடுத்துடுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சிருக்கேன். அந்த மனுஷன் அளவு தப்புவாராம், இவனுங்க சொல்றானுங்க."

"வாயாடி, டார்ச்."

டார்ச் வெளிச்சத்தில், கரிப்புகைக்கு நடுவே, இடதுபக்கத்தில் ஒரு சின்னச் செங்கல் நிற வில்லை தெரிந்தது. களிமண் ஒட்டிக்கொண்டிருந்த இடம். தீ அதை அழிக்கவில்லை. சூளையில் வைத்தமாதிரி சுட்டுக் கெட்டியாக்கி வைத்திருந்தது.

"இன்ஸ்பெக்டர், இது களிமண். மெக்கானிக் மாட்டின பேட்டரிக்குப் பிளஸ் இடதுபக்கம். இப்ப இந்தப் பக்கம் பாருங்க." டார்ச் ஒரு சாண் நகர்ந்தது. வலதுபக்கத்தில் தகரம் உருகி, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. "தீப்பொறி கிளம்பின இடம். எரிஞ்ச பேட்டரிக்குப் பிளஸ் வலதுபக்கம். வயர் எட்டாம இழுத்துப் பிடிச்சு மாட்டியிருக்காங்க. ஒரு பேட்டரிக்கு ரெண்டு பக்கமும் பிளஸ் இருக்காது. ஆக, இதுல ரெண்டு பேட்டரி உட்கார்ந்திருக்கு."

இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கினார். "நல்லதைப் போட்டுக் காட்டிட்டு, அப்புறம் எடுத்துட்டு வேறதை மாட்டினதும் அவனேதான். கதை இன்னும் கெட்டியாச்சு. ஆறு நிமிஷம் ஆச்சு."

சர்வேயர் எரிந்த பேட்டரியைக் குனிந்து பார்த்தார். பிளஸ் முனை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. மைனஸ் முனை பிழைத்திருந்தது. அவர் கட்டைவிரலால் கரியைத் துடைத்ததும் ஈயத்தில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. யாரோ ஆணியை வைத்துத் தட்டிய புள்ளிகள்.

"சார்ஜ் போடுற கடைக்காரங்க ஆளுக்கு ஒரு குறி போடுவாங்க," என்றார் நிமிர்ந்து. "இது யாரோட குறின்னு எனக்குத் தெரியும். பழைய சிநேகிதர்."

"உங்க பழைய சிநேகிதர்னா, கடைசியா பார்த்தப்போ உங்களை அடிக்க வந்தவரா சார்?"

"ஆமா. இரும்புக் கம்பியை எடுத்துட்டு வந்தார்."

மணி பன்னிரண்டு பத்து.

பேட்டரிக் கடை குறுகலானது. இருபக்கமும் தட்டுகளில் பேட்டரிகள் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. நடுவில் ஒருவர் பக்கவாட்டில் திரும்பினால்தான் போக முடியும். மூலையில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தவை லேசாக இரைந்தன. புளித்த நெடி மூக்கில் ஏறியது. பேட்டரிக்காரர் சர்வேயரைப் பார்த்ததும் செய்த முதல் காரியம், "கடை லீவு" என்று சொன்னதுதான்.

"கதவு திறந்திருக்கே," என்றாள் வாயாடி.

"காத்து வரட்டும்னு திறந்து வச்சிருக்கேன். நீங்க வராதீங்க."

சர்வேயர் சண்டை போடவில்லை. எரிந்த காரின் கதையை எடுக்கவுமில்லை. பல் டாக்டரிடம் இருந்த அதே ரகக் காரின் பெயரைச் சொல்லி, அதற்கு ஒரு பேட்டரி வேண்டும் என்றார். உயரமானதாக, பெரியதாக, அதோ அந்த மேல்தட்டில் இருக்கிறதே அது மாதிரி.

பேட்டரிக்காரரின் முகம் சிவந்தது. "அது அந்தக் காருக்கு வராது."

"பெருசா இருந்தா நல்லதுதானே?"

"காலு எட்டுன்னா பத்து நம்பர் செருப்பு போட்டுப்பீங்களா? பெட்ரோலா டீசலா, தட்டு நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, பிளஸ் எந்தப் பக்கம், பானட்டுக்கும் மூடிக்கும் எத்தனை விரல், இவ்வளவும் கேட்டுத்தான் நான் பேட்டரியைக் கீழயே இறக்குவேன். முப்பது வருஷத்துல இந்தக் கடையிலேர்ந்து அளவு தப்பி ஒண்ணு போனதில்ல."

"ஒண்ணு போயிருக்கு," என்றார் சர்வேயர் மெதுவாக. "மைனஸ்ல மூணு புள்ளி. போலீஸ் ஸ்டேஷன்ல நிக்குது. ஊர்ல உங்க பேரைத்தான் சொல்லப்போறாங்க. அளவு தெரியாதவர்னு."

திருடன் என்று சொல்லியிருந்தால்கூட அந்த மனிதர் பொறுத்திருப்பார். இதைப் பொறுக்கவில்லை. கையிலிருந்த துணியைத் தரையில் எறிந்தார்.

"நான் விக்கல. சார்ஜ் மட்டும்தான் போட்டேன். திங்கக்கிழமை ஒரு ஆள் தூக்கிட்டு வந்தான். உயரமான பேட்டரி. ஜெனரேட்டருக்குப் போடுற ரகம். சார்ஜ் பண்ணிக் குடுங்கன்னான். இந்தக் காருக்கு ஆகுமான்னும் கேட்டான். ஆகாதுன்னேன். ரெண்டு விரல் உயரம், பானட்ல இடிச்சா தீப்பிடிக்கும்னேன்."

"சொன்னீங்களா?"

"தெளிவா சொன்னேன். அதுக்கு அவன் கேட்டான், பெரிய தீயா வருமா, சின்ன தீயா வருமான்னு."

வாயாடிக்கு இதுவரை இது ஒரு கவனக்குறைவு, யாரோ ஒருவருடைய முட்டாள்தனம் என்றுதான் பட்டிருந்தது. இப்போது அப்படிப் படவில்லை.

"பயந்துபோய்க் கேக்கிறான்னு நினைச்சேன்," பேட்டரிக்காரரின் குரல் இறங்கியது. "கையில ஒரு சிலிண்டர் இருந்தா அணைச்சுடலாம்னு ஆறுதலா சொல்லி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துட்டுப் போனான். வியாழக்கிழமை சேதி கேட்டதும் என் குறி அதுல இருக்குமேன்னு வாயை மூடிட்டேன். போதுமா?"

"ஆள் எப்படி இருந்தான்?" வாயாடி கேட்டாள்.

"உயரம் எட்டே முக்கால் இஞ்சு. நீளம் பத்தேகால். பிளஸ் வலதுபக்கம். மூடில ஒரு கீறல்."

"ஆளைக் கேட்டா பேட்டரிக்கு அங்க அடையாளம் சொல்றீங்க."

"நான் மூஞ்சியெல்லாம் பார்க்க மாட்டேன். போதாததுக்கு ஆஸ்பத்திரியில போடுற மாஸ்க் போட்டிருந்தான். சட்டை ஞாபகம் இருக்கு. பச்சைக் கட்டம், நல்ல பருத்தி. நெஞ்சோட சாய்ச்சு அணைச்சுட்டுப் போனான். சாய்க்காதேன்னு சொல்லிட்டே இருந்தேன், கேக்கல. ஆசிட் கசிஞ்சிருக்கும். அந்தச் சட்டை போச்சேன்னு நினைச்சேன்." தன் சட்டையை இழுத்துக் காட்டினார். நெஞ்சுப் பக்கம் சல்லடை. "ஆசிட் பட்ட அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு துவைப்பு போட்டாத்தான் பொத்தல் பொத்தலா வரும்."

வெளியே வந்ததும் சர்வேயர் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறாமல் நின்றார். "கிழமையைக் கவனிச்சியா வாயாடி? மெக்கானிக் காரைத் தொட்டது புதன்கிழமை. அளவு தப்பின பேட்டரி செவ்வாய்க்கிழமையே சார்ஜ் ஆகித் தயாரா உட்கார்ந்திருக்கு."

"அப்போ மெக்கானிக் காரைத் தொடறதுக்கு முன்னாடியே..."

"யாரோ திட்டம் போட்டாச்சு. இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு. கிளினிக்குக்கு வரச் சொல்லு."

"வருவாரா?"

"நாம தோத்துட்டோம்னு சொல்லு. பார்க்க ஓடி வருவார்."

மெக்கானிக் ஷெட்டும் கிளினிக்கும் ஒரே சுவரை இரண்டு பக்கம் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. ஷெட்டின் ஷட்டர் இறங்கியிருந்தது. அதன் முன்னால், கவிழ்த்துப் போட்ட டயரில், மெக்கானிக்கின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாகப் போகிறவர் வருகிறவரெல்லாம் அவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடந்துபோனதில், அவள் யாரையும் நம்பாத நிலைக்கு வந்திருந்தாள்.

"மணி ரெண்டே முக்கால். இன்னும் எதைத் தேடப்போறீங்க?" என்றாள்.

"ஒரு சட்டையைத் தேடுறோம் அக்கா," என்றாள் வாயாடி.

"எம் புருஷன் ஜெயிலுக்குப் போறாரு. நீங்க துணி எடுக்கப் போங்க."

வாயாடி பல்லைக் கடித்துக்கொண்டு கிளினிக் படி ஏறினாள்.

கதவைத் திறந்தவர் கம்பவுண்டர். குச்சி மாதிரி உடம்பு, நாற்பது வயது, கண்ணில் எரிச்சல். "டாக்டர் யாரையும் பார்க்க மாட்டார். மனுஷன் ரெண்டு கையும் வெந்து படுத்திருக்கார். உங்களுக்கு ஈவு இரக்கம் இல்லையா? அந்த மெக்கானிக்குக்காகப் பேச வந்தவங்க யாரும் இந்தப் படி ஏறக்கூடாது. இறங்குங்க."

"எனக்குப் பல்வலி," என்றாள் வாயாடி.

"வாயை மூடினா சரியாயிடும்."

இவரும் நம்மள மாதிரிதான் போல என்று அவள் உள்ளுக்குள் மெச்சிய அதே நேரம், கண் அவர் நெஞ்சுக்கு இறங்கியது. பச்சைக் கட்டம் போட்ட சட்டை. நல்ல பருத்தி. நெஞ்சிலிருந்து வயிறுவரை மிளகு சிதறினமாதிரி பொத்தல்கள்.

"சார்," என்றாள். "சட்டை."

சரியாக அந்நேரம் பார்த்து இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்து நின்றது. தோல்வியைப் பார்த்துச் சந்தோஷப்பட வந்தவரிடம் வாயாடி மூச்சுவிடாமல் பேட்டரிக் கடை, திங்கட்கிழமை, மாஸ்க், ஆசிட், பச்சைக் கட்டம் எல்லாவற்றையும் கொட்டினாள். இன்ஸ்பெக்டருக்கு யாரையாவது பிடித்தால் சரி. கம்பவுண்டரின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"சட்டை யாருது?"

கம்பவுண்டரின் கண் ஒருமுறை மாடிப்படியைப் பார்த்துத் திரும்பியது. "என்னோடதுதான்."

"பொத்தல் எப்படி வந்துது?"

"தெரியாது."

"ஜெனரேட்டர் பேட்டரியை நீதான் தூக்கிட்டுப் போனியா?"

"நான் எதையும் தூக்கல."

"இவரை மாடிக்குக் கூட்டிட்டுப் போவோம்," என்றார் சர்வேயர். "பாதிக்கப்பட்டவருக்குத் தெரிய வேண்டாமா?"

மாடி அறையில் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பல் டாக்டர் கட்டிலில் சாய்ந்திருந்தார். இரட்டை நாடி உடம்பு, கட்டில் அவருக்குச் சிறியதாக இருந்தது. இரண்டு கைகளும் முழங்கைக்குக் கீழே வெள்ளைக் கட்டு. உள்ளே வந்தவர்களைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோயாச்சா?"

"நாலு மணிக்கு சார். அதுக்குள்ள ஒரு சிக்கல்," என்று இன்ஸ்பெக்டர் ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல டாக்டர் கம்பவுண்டரின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையில் முதலில் ஒரு திடுக்கிடல். பிறகு அது மறைந்து ஒரு நிம்மதி வந்தது. வாயாடி அதைப் பார்த்தாள், பார்த்ததற்கு அர்த்தம் அப்போது புரியவில்லை.

"இவனா?" என்றார் டாக்டர். "பன்னெண்டு வருஷமா சோறு போட்டிருக்கேன். இவனாத்தான் இருக்கும். டீக்கடையில அந்த மெக்கானிக்கோட நின்னு பேசிட்டு இருந்ததை நானே பார்த்திருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சிருக்கானுங்க. கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேரையும் உள்ள போடுங்க."

கம்பவுண்டர் நின்ற இடத்திலேயே நின்று, டாக்டரைப் பார்த்தார். அறை வாங்கினவன்கூட அப்படிப் பார்க்க மாட்டான்.

"கிளம்பு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு நிமிஷம்." சர்வேயர் பையிலிருந்து டேப்பை எடுத்தார். வண்டி அளக்கும் அதே பழைய டேப். "காலையிலேர்ந்து அளவு அளவுன்னே பேசிட்டு இருக்கோம். இதையும் அளந்துடலாம். கையை நீட்டுங்க கம்பவுண்டர்."

கம்பவுண்டர் கையை நீட்டினார். சட்டைக்கை விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. மூன்று மடிப்பு மடித்து வைத்திருந்தது அவிழ்ந்திருந்தது. தோள்பட்டைத் தையல் முழங்கைக்குப் பாதி வழியில் இருந்தது. இன்ஸ்பெக்டர் பிடித்திருந்த காலருக்குள் இன்னொரு கழுத்து நுழைய இடமிருந்தது.

"இந்தத் தட்டுக்கு வர்ற பேட்டரி இது இல்ல இன்ஸ்பெக்டர்," என்றார் சர்வேயர். "இந்தச் சட்டைக்கு உரிய ஆள் இதைவிட ரெண்டு மடங்கு. தோள் இருபத்தொண்ணு இஞ்சு. இந்த அறையில அந்த அளவுக்கு ஒருத்தர்தான் இருக்கார். அவர் படுத்திருக்கார்."

வாயாடி தன் நெற்றியில் தானே மனதுக்குள் அடித்துக்கொண்டாள். பொத்தலைப் பார்த்தவள் தோளைப் பார்க்கவில்லை.

"என்ன உளர்றான் இவன்?" டாக்டர் எழ முயன்றார். "என் கையை நானே கொளுத்திக்குவேனா?"

"கையைக் கொளுத்த நினைச்சிருக்க மாட்டீங்க. சின்னத் தீ போதும்னு நினைச்சீங்க. கொஞ்சம் புகை, கொஞ்சம் கருகல், மெக்கானிக் மேல ஒரு கேஸ், ஷெட்டுக்கு சீல். வயர் எரியறதைப் பார்த்ததும் கார் போயிடுமேன்னு பதறி பானட்டைத் திறந்துட்டீங்க. அதை மட்டும் பேட்டரிக்காரர் உங்களுக்குச் சொல்லிக்குடுக்கல."

"சட்டை அவன் உடம்புல இருக்கு. திருடியிருப்பான். திருட்டுப்பயல்."

அந்த வார்த்தைதான் கம்பவுண்டரைத் திருப்பியது. இன்ஸ்பெக்டரின் கையைத் தன் காலரிலிருந்து அவரே மெதுவாக விலக்கினார்.

"ஐயாவோட வீட்டம்மா குடுத்தாங்க," என்றார். "வெள்ளிக்கிழமை. துவைச்சு எடுத்தா ஒரே ஓட்டையா இருக்கு, வீட்டுல போட்டுக்கோன்னாங்க. ஐயா பேர் அடிபடக்கூடாதுன்னுதான் என்னோடதுன்னு சொன்னேன்." டாக்டர் பக்கம் திரும்பாமல் தொடர்ந்தார். "வியாழக்கிழமை காலையில ஐயா என்னைக் கூப்பிட்டு, தீயணைக்கிற சிலிண்டரை எடுத்துட்டுப் போய் கேட் பக்கத்துல நில்லுன்னாரு. எதுக்குய்யான்னேன். நில்லுன்னா நில்லுன்னாரு. நான் போய் நின்னேன். அதுக்கப்புறம்தான் அவர் காரையே எடுத்தாரு."

இன்ஸ்பெக்டர் மெல்லத் தலையைத் திருப்பி டாக்டரைப் பார்த்தார். தீப்பிடித்த அந்த நிமிஷமே சிலிண்டரோடு வந்து நின்ற கம்பவுண்டரை, தன் அறிக்கையில் அவரே இரண்டு வரி புகழ்ந்து எழுதியிருந்தார்.

"மெக்கானிக் மாட்டின புது பேட்டரி எங்க?" சர்வேயர் கேட்டார்.

"தெரியாது. ஆனா ஜெனரேட்டர் ரூம் சாவி புதன்கிழமை ராத்திரியிலேர்ந்து ஐயா தலகாணிக்கு அடியில இருக்கு."

டாக்டர் தலையணையை அழுத்திச் சாய்ந்தார். அழுத்த அவருக்குக் கை இல்லை. வாயாடி குனிந்து சாவியை எடுத்தபோது அவர் அவளை வைத ஒரு வார்த்தையை இங்கே எழுத முடியாது. அவளுக்கு அதைவிட நல்லதாக நாலு தெரியும், சொல்லவில்லை.

படிக்குக் கீழே இருந்த ஜெனரேட்டர் அறை இரண்டு வருஷத் தூசியோடு இருந்தது. பேட்டரி நிற்கும் இரும்புத் தட்டில் மட்டும் தூசி கலைந்திருந்தது. அதில் ஒரு குட்டை பேட்டரி உட்கார்ந்திருந்தது. பளபளவென்று புத்தம் புதுசு. தட்டு அதற்குப் பெரியது. மேலே பிடிக்க வேண்டிய கிளாம்பு இரண்டு விரல் உயரத்தில் அந்தரத்தில் தொங்கியது. தூக்கி எறிய மனசு வராமல் ஒளித்து வைத்த இடத்திலும் அளவு பொருந்தவில்லை. இடதுபக்கம், பிளஸ் முனையின் சிவப்பு மூடி மேல், காய்ந்த களிமண் அப்பியிருந்தது. அதில் ஒரு கட்டைவிரல் ரேகை அச்சாகப் பதிந்திருந்தது.

"இந்த ரேகை யாருதுன்னு உங்க லாக்கப்ல போய்க் கேளுங்க," என்றார் சர்வேயர்.

இன்ஸ்பெக்டர் குனிந்து அந்தக் களிமண்ணைப் பார்த்தார். பிறகு, யார்மேல் கோபப்படுவது என்று தெரியாதவராக, போனை எடுத்து ஸ்டேஷனில் இருந்தவரிடம் எரிந்து விழுந்தார். "கோர்ட்டுக்கு வண்டி எடுக்காதே. ஆமாய்யா, எடுக்காதேன்னா எடுக்காதே. அந்த மெக்கானிக்குக்கு ஒரு டீ வாங்கிக் குடு. நான் வந்து எழுதி விடுறேன்." மணி மூன்று இருபது.

வாயாடி வாசலுக்கு ஓடினாள். டயரில் உட்கார்ந்திருந்தவள் எழவில்லை.

"அக்கா. கோர்ட் இல்ல. வீட்டுக்கு வர்றாரு. களிமண் காப்பாத்திடுச்சு."

மெக்கானிக்கின் மனைவி அழவில்லை, கும்பிடவில்லை. "யார் செஞ்சது?" என்று மட்டும் கேட்டாள். வாயாடி மாடியைக் காட்டினாள்.

"புதன்கிழமை எம் புருஷன் சாப்பிட வந்தப்போ என்ன சொன்னார் தெரியுமா?" அவள் குரல் தடித்தது. "டாக்டர் பத்து வருஷம் கழிச்சு நம்மகிட்ட பேசிட்டாரு, ரெண்டு தடவை களிமண் வச்சுப் பார்த்தேன், ஒரு குறையும் வரக்கூடாதுன்னாரு. சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டாரு."

அவள் டயரிலிருந்து எழுந்தாள். ஷட்டரைத் தூக்கினாள். உள்ளே போனாள்.

சர்வேயர் மாடிக்குத் திரும்பிப் போயிருந்தார். வாயாடி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது டாக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, காகிதத்தை விரித்து, முதல் கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் தகரத்தில் ஓர் அடி விழுந்தது. கட்டில் அதிர்ந்தது. இன்னோர் அடி. வேலைக்காகத் தட்டுகிற தட்டு இல்லை அது. கை ஓங்கி ஓங்கி விழுகிற அடி.

"நிறுத்தச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

யாரும் போகவில்லை. கம்பவுண்டர் பொத்தல் சட்டையைக் கழற்றி, மடித்து, கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, பனியனோடு படியிறங்கிப் போனார்.

"இந்தச் சத்தத்துல என் கை நடுங்குது. பத்து வருஷமா நடுங்குது. ஒருத்தர்கூட கேக்கல."

"மூணு நாளா சத்தமே இல்லையே டாக்டர்," என்றார் சர்வேயர். "நடுக்கம் நின்னுதா?"

டாக்டர் திரும்பித் தன் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தார். அந்தப் பக்கம் அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். காதைப் பொத்திக்கொள்ள அவர் கைகளைத் தூக்கினார். பந்துபோலப் பருத்த கட்டு காதுக்குப் பொருந்தவில்லை.